எல்லோரும் கரையேறியாச்சு

முதன்முதலில் நான் அந்த அக்காவைப் பார்த்தபோது அவர் என் காரின் பானட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. நானும் என் மனைவியின் தம்பி சலீமும் கியாக்தான் ஆற்றில் ஒரு சேற்றுத்திட்டில் மாட்டிக்கொண்டு, நீரேற்றம் வந்து படகு மிதக்கிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு கரைக்கு வந்துகொண்டிருந்தோம். படகு இறக்குகிற சிமெண்டுச் சரிவின் மேலே எங்கள் காரும் அதன் பின்னால் காலி ட்ரெய்லரும் நின்றன. பக்கத்தில் குடையோடு இவர்.

"எத்தனை பேர் போனீங்க?"

தமிழிலேயே கேட்டார். காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த எங்கள் கடைப் பெயரைப் படித்திருக்க வேண்டும்.

"ரெண்டு பேருங்க."

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதில் சிநேகம் எதுவும் இல்லை. சரக்கு வந்து சேர்ந்ததைப் பார்க்கிற பார்வைதான். பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பி பர்மியில் சத்தமாகச் சொன்னார்: "எல்லோரும் கரையேறியாச்சு!" அப்போதுதான் கவனித்தேன். ஓர் இழுவைப் படகு கயிறு அவிழ்த்து, இன்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. எங்களைத் தேடிப் புறப்பட இருந்த படகு அது. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. அவர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று என் மனைவி பரீதா சொல்லியிருக்கிறாள். காரணம் போகப் போகத் தெரியும். தமிழர்கள் அக்கா என்போம். பர்மியர்கள் 'அமா' என்பார்கள். அவர்கள் பேச்சில் அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம். ஆனால் தூரத்திலிருந்து அவர்கள் கூப்பிடும்போது என் காதில் 'அம்மா' என்றே விழும்.

எங்களுக்கு நகரத்துக்குள் தாமுவேயில் தண்ணீர் மோட்டார் கடை. படகு கடைக்குப் பின்சந்தில் ட்ரெய்லர் மேல் கிடக்கும். பக்கத்து வீட்டார் அதில் லுங்கி காயப்போடுவார்கள். என்னைப்போல் படகை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் துறை என்று ஒன்று கிடையாது. இந்த வாரம் கியாக்தானில் இறக்குவோம், அடுத்த வாரம் வேறு எங்காவது. நடு ஆற்றில் இன்ஜின் நின்றால் நமக்கென்று ஓடிவர அந்தக் கரையில் யாரும் இருக்கமாட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அக்கா அந்தச் சேவையை நடத்தினார். வருஷச் சந்தா கட்டி மெம்பர் ஆகிவிட்டால், எங்கே படகை இறக்கியிருந்தாலும் சரி, போன் செய்தால் இழுவைப் படகு வரும். பெட்ரோல் தீர்ந்தால் பெட்ரோல். பேட்டரி போனால் பேட்டரி. எதுவும் ஆகாதென்றால் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். பக்கத்துக் கரைக்கு இல்லை, நம்முடைய ட்ரெய்லர் நிற்கிற கரைக்கு. அதனால் போனை எடுத்ததும் அக்கா கேட்கிற முதல் கேள்வி படகைப் பற்றியதாக இருக்காது.

"வண்டி எங்க நிக்குது?"

அதற்குப் பிறகுதான் நாம் எங்கே இருக்கிறோம், எத்தனை பேர் என்பதெல்லாம். சரிவைத் தாண்டி ரோட்டில் என்ன நடந்தாலும் அது அவர்கள் பொறுப்பில்லை. ட்ரெய்லர் டயர் வெடித்ததென்று ஒருவர் போன் செய்தபோது, "தண்ணியில வெடிச்சுதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஆளில்லாத படகைத் தொடமாட்டார்கள். ஆற்றில் ஒரு படகு வெறுமனே மிதந்தால் முதலில் போலீசுக்குச் சொல்லி, ஆளைத் தேடிவிட்டுத்தான் படகு. "படகு எங்கயும் போகாது தம்பி. ஆளு போயிடுவாங்க" என்று அக்கா என்னிடம் விளக்கினார். மெம்பர் சேருகிற எல்லோருக்கும் இதை வாயாலேயே சொல்லுவார். புரிந்ததா என்று கேட்பார். புரிந்தது என்று சொன்னாலும் இன்னொரு முறை சொல்லுவார்.

அவர் கிறிஸ்தவக் குடும்பம், மிஷன் பள்ளியில் படித்தவர். அப்பா கப்பல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவராம். கணவர் காலமாகிவிட்டார், மகள் வெளிநாட்டில். அவரைப் பற்றி எனக்கு நேராகத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் சரிவில் நின்று பார்த்தது.

சரிவுக்கு மேலே ஒரு லபேயே கடை, அதாவது பர்மியத் தேநீர்க் கடை. அதற்குப் பக்கத்தில் அக்காவின் அறை. ஜன்னலைத் திறந்தால் நடு ஆற்றில் இருக்கும் புத்தர் பகோடாவும் அதற்குப் போய்வரும் படகுகளும் தெரியும். அக்கா நாற்காலியை அந்தப் பக்கம் போடவில்லை. ட்ரெய்லர்கள் நிற்கிற பக்கம் பார்த்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் கீழே இறங்கி, காலியாக நிற்கும் ட்ரெய்லர்களுக்கு நடுவே நடப்பார். வண்டி நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று பானட்டைத் தொட்டுப் பார்ப்பார். மெம்பர் வண்டியா, வேற்று வண்டியா என்ற பேதம் கிடையாது. கடைசி ட்ரெய்லரில் படகு ஏறுகிறவரை அறைக்குத் திரும்பமாட்டார். சில சமயம் அவர் மட்டும் அந்தச் சரிவில் நிற்பதைப் பார்ப்பேன். அவர் யாரையோ எதிர்பார்த்து நிற்பதுபோல் தெரியாது. யாரோ வரமாட்டார்கள் என்று தெரிந்து நிற்பதுபோல் இருக்கும்.

இதனால் சண்டைகளும் வந்தன. ஒரு முறை பெரிய வியாபாரி ஒருவர் படகை எதிர்க்கரையில் கட்டிவிட்டு, நண்பர் வீட்டு விருந்தில் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். போனை எடுக்கவில்லை. அக்கா இழுவைப் படகை அனுப்பினார், மீன்பிடிக்கிறவர்களை அனுப்பினார், போலீசுக்கும் சொல்லிவிட்டார். மனிதர் திரும்பி வந்தபோது கரை நிறையக் கூட்டம். அவமானத்தில் கத்தித் தீர்த்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்லா கத்துறீங்க. சந்தோஷம்" என்றார். வியாபாரி அன்றோடு மெம்பர் பதவியை விட்டார். அவரைப்போல் இன்னும் சிலரும் விட்டார்கள்.

சலீமுக்கு மட்டும் அக்காவிடம் பயமே கிடையாது. ஒரு நாள் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் எங்கள் இன்ஜின் செத்துவிட்டது. நீர் இறங்குகிற வற்றம் படகைக் கடலை நோக்கி இழுத்தது. போனில் அக்கா, "நங்கூரத்தப் போடுங்க. போட்டாச்சா? கயிறு விறைச்சுதா? இனிமே நான் கூப்பிடுறேன், நீங்க கூப்பிடாதீங்க, சார்ஜ் போயிடும்" என்றார். சொன்னபடியே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை சலீம் போனைப் பிடுங்கி, "அக்கா, வரும்போது சோறு கொண்டு வாங்க" என்றான்.

"உன் வாய்க்கு உன்ன அங்கேயே விடணும்டா."

இழுவைப் படகை ஓட்டும் கோ துன் வந்தபோது அவர் கையில் உண்மையாகவே ஒரு தூக்குச் சட்டி இருந்தது. மீன் குழம்பும் சோறும். அதற்குப் பிறகு கியாக்தான் போகிற ஒவ்வொரு முறையும் சலீம் முதலில் போவது அக்காவின் அடுப்படிக்குத்தான். அவனுக்குத் தமிழைவிட பர்மிதான் சரளம். அக்கா அவனிடம் வேண்டுமென்றே தமிழில் மட்டும் பேசுவார். அவன் தப்பாகப் பேசினால் திருத்துவார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த அடுப்படியில் மட்டும்தான்.

காலி ட்ரெய்லரைக் கண்டால் அவருக்கு ஏன் அப்படி ஆகிறது என்று கேட்டதும் சலீம்தான். எங்களுக்குக் கேட்கத் தைரியம் வந்திருக்காது.

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சேவையை ஆரம்பித்த புதிதில் ஒரு வெளியூர் வண்டி சரிவோரம் நின்றதாம். பின்னால் காலி ட்ரெய்லர். மெம்பர் இல்லை. "நானு அந்த ட்ரெய்லர்ல சாஞ்சுக்கிட்டு லபேயே குடிச்சேன். மறுநாளும் குடிச்சேன். எவனோ விட்டுட்டுப் போயிருக்கான், எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குதேன்னு திட்டினேன். அப்புறம் ஒரு பொம்பள பஸ்ஸுல வந்து எறங்கி அந்த வண்டியப் பாத்து நின்னா. புருஷனும் மகனும்." துணியைப் பிழிந்தார். "போன் வந்தாத்தான் போகணும்னு இருந்தேன். போன் பண்ற நெலமையில இருக்கிறவன் பாதி பொழைச்சவன்."

சலீம் எழுந்து அந்தத் துணியை வாங்கி மிச்ச அடுப்பைத் துடைத்தான்.

பிறகு காலம் மாறியது. பெட்ரோல் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது. படகு இறக்குவதற்கு அனுமதி, கேள்வி என்று ஆயிற்று. பணமுள்ளவர்கள் படகுகளை விற்றுவிட்டு வெளிநாடு போனார்கள். சலீம் வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள் என்ற பேச்சு பேட்டை பேட்டையாக வந்தது. பெயர் வந்தவர்களில் சிலர் போனார்கள், சிலர் காணாமல் போனார்கள். பரீதா தம்பியைக் கடைவாசலில்கூட நிற்கவிடமாட்டாள்.

ஒரு நாள் சலீம், "மச்சான், வண்டியும் படகும் எடுத்துட்டுப் போறேன், கொஞ்சம் மீன் பிடிச்சுட்டு வர்றேன்" என்றான். வீட்டிலேயே அடைந்து கிடக்கிற பிள்ளை, காற்று வாங்கட்டும் என்று சாவியைக் கொடுத்தேன்.

பிற்பகலில் கடையில் இருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"தம்பி, உங்க ட்ரெய்லர் இங்க நிக்குது. பானட்டு சில்லுனு இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"கடையிலதான் அக்கா."

"அப்ப படகுல யாரு?"

"சலீம். வேற யாரும் இல்ல."

"அவன் என்கிட்ட வரல." பர்மியில் கோ துன்னைக் கூப்பிட்டார். "சாப்பிட வராம போகமாட்டான். நான் போறேன்."

சலீமின் போன் அணைந்திருந்தது. வீட்டுக்கு ஓடினேன். பரீதா தொழுகை விரிப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்துவாரத்தில் ஒரு மீன்பிடிக் கப்பல் சலீமை ஏற்றிக்கொள்ளும், தாய்லாந்துப் பக்கம் போய்விடுவான். என்னிடம் சொன்னால் நான் தடுப்பேன் என்று பயந்து அவனும் அவளும் மறைத்திருக்கிறார்கள். அக்கா தேடப் போவதைச் சொன்னேன்.

"அக்கா போலீசுக்குச் சொல்லிடுவாங்க மச்சான். கப்பல மறிச்சுடுவாங்க. அவங்களுக்குப் போன் போடுங்க."

போனை அவளே வாங்கிப் பேசினாள். "அக்கா, அவன் கெட்ட எடத்துக்குப் போகல. தேடாதீங்க. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

மறுமுனையில் காற்றுச் சத்தமும் இன்ஜின் சத்தமும்தான் கேட்டன. பிறகு அக்கா, "எத்தனை பேர் போனாங்க பரீதா?" என்றார்.

"அவன் மட்டுந்தான் அக்கா. அல்லா சத்தியமா."

"உங்க வீட்டுக்காரர இங்க அனுப்பு" என்று வைத்துவிட்டார்.

நான் டாக்சி பிடித்துக் கியாக்தான் போய்ச் சேர்ந்தபோது கோ துன்னின் இழுவைப் படகு திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் கயிற்றில் எங்கள் படகு, ஆளில்லாமல், லேசாக அசைந்தபடி. அக்கா இழுவைப் படகின் முகப்பில் நின்றார். ஆளில்லாத படகைத் தொடமாட்டேன் என்று அத்தனை பேருக்குச் சொன்னவர்.

அப்போதுதான் பணி மாறி வந்த ஒரு அதிகாரி சரிவின் மேலே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற படகுகளை விசாரிப்பது அவர் வேலை. அக்கா என்னைப் பார்த்ததும் அவருக்குக் கேட்காத குரலில் தமிழில் சொன்னார்: "தம்பி, தண்ணியில எறங்குங்க. இடுப்பு வரைக்கும்."

"எதுக்கு அக்கா?"

"எறங்குங்கன்னா எறங்குங்க."

இறங்கினேன். படகைப் பிடித்து ட்ரெய்லரில் ஏற்றினேன். லுங்கி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. அதிகாரி எழுந்து வந்து பர்மியில் கேட்டார், என்ன விஷயம், யார் போனது என்று. அக்கா என் ஈரத் துணியைக் காட்டினார்.

"இவர்தான். இன்ஜின் கோளாறு. இழுத்துட்டு வந்தோம்." பிறகு வழக்கம்போலச் சத்தமாக, லபேயே கடை வரைக்கும் கேட்கும்படி, "எல்லோரும் கரையேறியாச்சு" என்றார்.

அதிகாரி திரும்பிப் போய் உட்கார்ந்தார். எங்களைக் காப்பாற்றிவிட்டார் என்று மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றியது. அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். கை மீன்போலக் குளிர்ந்திருந்தது.

"நங்கூரம் போட்டிருந்துச்சு தம்பி" என்றார்.

"என்ன அக்கா?"

"சேத்துத்திட்டு ஓரத்துல படகு தட்டி நிக்குது. நங்கூரம் கீழ கிடக்கு. கப்பல்ல ஏறிப் போறவன் நங்கூரத்த எதுக்குப் போடணும்?"

"உங்ககிட்டப் பழகின பழக்கமா இருக்கும். படகு பத்திரமா கிடைக்கணும்னு போட்டிருப்பான்."

அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்ட தலையாட்டலாக அது தெரியவில்லை.

அதற்குப் பிறகு நீண்ட நாள் சலீமிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. பரீதா போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறித் தாமுவேக்கு வந்துவிடுவார். கடையில் ஒரு ஸ்டூலில் உட்காருவார். லபேயே வாங்கிக் கொடுத்தால் ஆறவிட்டுவிடுவார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்ல அக்கா."

"நங்கூரம் ஏன் போட்டான்?"

எனக்கு அந்தக் கேள்வி வெறுத்துப்போனது. அவன் மூழ்கிப் போயிருப்பானோ என்ற நினைப்பை ஒவ்வொரு வாரமும் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போகிறாரே என்று கோபம்கூட வந்தது. கோ துன்னைப் பார்த்தபோது அவர் வேறொன்று சொன்னார். படகுகள் திரும்பி வந்தால் அக்கா இப்போதெல்லாம் குரல் கொடுப்பதில்லையாம். வாயைத் திறப்பாராம், சொல் வராதாம். அவருக்குப் பதிலாகக் கோ துன்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சலீம். தாய்லாந்தின் ரனோங்கில் ஒரு மீன் பதப்படுத்துகிற இடத்தில் வேலை கிடைத்துவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்றான். பரீதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுது ஓய்ந்ததும் அவள் முதலில் சொன்னது, "அக்காவுக்குச் சொல்லணும். போன்ல வேணாம், நேர்ல போய் அவன் குரலக் கேக்க வைங்க" என்பதுதான்.

நான் கியாக்தான் போனேன். அக்காவின் அறையில் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, சோறு இருக்கா?" என்றான் சலீம்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "இருக்குடா, உனக்கில்ல" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்டா, படகுல நங்கூரம் எதுக்குப் போட்ட?"

"நான் போடலியே அக்கா. பியோ போட்டிருப்பான்."

அறையில் இருந்த மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அதன் சத்தம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"பியோ யாரு?" என்றார் அக்கா.

"என் கூட்டாளி. மாவ்பிக்காரன். சரிவுல ரெண்டு பேராப் போனா கேள்வி வரும்னு, அவன் கொஞ்ச தூரம் தள்ளி கரையில நின்னு ஏறினான். கப்பல் வந்ததும் பயந்துட்டான் அக்கா. கடல் வேணாம்னு அழுதான். நீ படகுலயே இரு, ஏத்தம் வந்ததும் துறைக்குத் திரும்பிப் போ, அக்காகிட்ட போய் நில்லு, அவங்க பாத்துப்பாங்கன்னு சொன்னேன்." கொஞ்சம் நின்று, "வந்தானா? அவன் போன் கிடைக்கவே மாட்டேங்குது" என்றான்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பியோ வந்தானா அக்கா?"

"நீ உடம்பப் பாத்துக்க" என்று சொல்லி அக்கா எழுந்து வெளியே போனார். சலீமுக்கு நான் என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்று நினைவில்லை.

அவர் சரிவின் கடைசி விளிம்பில், தண்ணீர் பாதத்தைத் தொடுகிற இடத்தில் நின்றார். வற்றம் ஆரம்பித்திருந்தது. "எறங்கி நடந்திருப்பான்" என்றார். "வத்தத்துல சேறு தரை மாதிரி தெரியும். கரை கிட்டக்க இருக்கிற மாதிரி இருக்கும். பாதி தூரத்துல ஏத்தம் வந்திரும்." என் பக்கம் திரும்பினார். "நான் அந்தத் திட்டுக்குப் போனப்ப அவன் அங்கதான் எங்கயாச்சும் இருந்திருப்பான் தம்பி. கத்தினாலும் இன்ஜின் சத்தத்துல கேட்டிருக்காது. நான் படகக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"ஒருத்தன்தான்னு பரீதா சொன்னா. உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா?"

"நங்கூரம் சொல்லுச்சே."

பியோவின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சலீமிடம் விலாசம் கேட்டது நான்தான். மாவ்பி சந்தைக்கு அப்பால், கீரைப் பாத்திகளுக்கு நடுவே மூங்கில் வீடு. தாயார் மட்டும். புளிச்சகீரை விளைத்துச் சந்தைக்குப் போடுகிறவர். மகன் ஏதோ ஒரு ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருக்கிறான், சீக்கிரம் கூப்பிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தார். அவன் வேலை செய்கிற இடத்திலிருந்து என்னையும் அக்காவையும் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாய் விரித்தார்.

நான் வழி நெடுக அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன், மெதுவாகச் சொல்லலாம், நடந்ததை மட்டும் சொல்லலாம், அதிகாரியிடம் சொன்னதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று. அக்கா பாயில் உட்காரவில்லை. வாசற்படியின் கீழேயே நின்று, பர்மியில், எதையும் விடாமல் சொன்னார்.

அந்தத் தாய் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "கியாக்தானிலா? அவன் ஆற்றுக்குப் போகமாட்டானே. தண்ணீர் என்றால் அவனுக்குப் பயம்" என்றார்.

அக்கா வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாய் மறுபடி கேட்டார்.

"அன்றைக்கு யாருமே தேடவில்லையா?"

"இல்லை."

"ஏன்?"

"எல்லோரும் வந்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டோம்."

"யார் சொன்னது?"

"நான்."

அந்தத் தாய் என்னைப் பார்த்தார். நான் இதை மறுத்துச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நாளைக்கு வருகிறேன். இடத்தைக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வந்தார். கோ துன் எங்களைச் சேற்றுத்திட்டுக்கு அழைத்துப் போனார். வற்றம். பழுப்புச் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் மினுங்கியது. கரை, அக்கா சொன்னதுபோல, கிட்டத்தில்தான் தெரிந்தது. அந்த அம்மாள் படகின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அலறவில்லை. பாத்தியில் வேலை செய்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். கூப்பிட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். மறுபடி கூப்பிட்டார். ஏற்றம் வந்து திட்டு மறைகிறவரை அப்படியே. அக்கா அவர் இடுப்பைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், விழுந்துவிடாமல்.

கரையோரக் கிராமங்களில் விசாரித்தோம். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. துணிகூடக் கிடைக்கவில்லை. இறந்தவருக்காகப் புத்த பிக்குகளுக்குச் சோறு போட்டுப் புண்ணியம் பகிரச் சொல்லி அக்கம்பக்கத்தார் அந்த அம்மாளிடம் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். பார்க்காமல் இறந்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது, ஒரு தடவை பார்க்காமல் சொல்லியாயிற்று, போதும் என்றாராம்.

அக்கா போனையும் மெம்பர்களையும் கோ துன்னிடம் ஒப்படைத்தார். பெட்ரோல் இல்லாத காலத்தில் மெம்பர்கள் என்று பெரிதாக யாரும் மிஞ்சியிருக்கவும் இல்லை. அறையைக் காலி செய்துகொண்டு மாவ்பிக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் வரச் சொல்லவில்லை. வந்தவரைப் போகச் சொல்லவும் இல்லை. வீட்டோடு சேர்ந்த ஒரு சாய்ப்பில் தங்கிக்கொண்டு கீரை வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டோம். இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு அதிகமில்லையாம். வாழ்நாள் முழுக்க ஆற்றங்கரையில் இருந்தவர், அதற்குப் பிறகு ஒரு நாளும் கியாக்தான் பக்கம் வரவில்லை.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது அங்கேதான். அவர் ஒரு காலை நேரத்தில் சாய்ப்பின் நிழலில் உட்கார்ந்து, புளிச்சகீரையை வாழை நாரால் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் சிவந்து வெடித்திருந்தன. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த கீரையை ஒதுக்கி இடம் செய்தார். பரீதாவை விசாரித்தார். கடையை விசாரித்தார். நானும் ஒரு கட்டைக் கையில் எடுத்துக் கட்ட முயன்றேன். இலை நசுங்கியது. வாங்கி வைத்துவிட்டார்.

"அக்கா, சலீமுக்குக் கொழந்தை பொறந்திருக்கு" என்றேன். "ஆம்பளப் புள்ள. உங்ககிட்டப் பேசணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்." போனை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மெல்லப் பேசுங்க தம்பி."

"அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாதே அக்கா."

"அவன் பேரு தெரியும்."

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பியோவின் தாய் அரிசி களைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நெடுநேரம் கழித்து அந்தச் சத்தம் மறுபடி எழுந்தது. அக்கா என் கையை விட்டுவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.